ஆறு பேர் என்று எழுதினேன்

ஸ்குல்வா தீவு,
மார்ச் 9

மகன் ஷூருக்கு,

உன் அப்பன் அஸ்பியோர்ன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. காட் மீன் வரத்து இந்த வருஷம் நன்றாக இருக்கிறது. ஹால்வார் தன் படகை மே மாதம் வரை உனக்காக வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். அதற்குமேல் கடலுக்குப் போக அவன் முழங்கால் இடம் கொடுக்காது, வேறு யாருக்காவது விற்றுவிடுவான்.

அந்தப் படகு வாங்க உனக்குக் கடன் தர முடியாது என்று வங்கி எழுதிய கடிதத்தை எனக்கு அனுப்பியிருந்தாய். நாலு தடவை படித்தேன். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் உள்ள குடும்பம் மாதம் இவ்வளவு பணம் இல்லாமல் பிழைக்கவே முடியாதாம். எப்படித் தெரியும் என்றால், குடும்பச் செலவுப் பட்டியல் சொல்கிறதாம். ஆஸ்லோவில் நாற்காலி தேய்க்கிற எவனோ போட்ட பட்டியல்! நான் ஏழு வருஷம்தான் பள்ளிக்கூடம் போனவன். ஆனால் இதே வீட்டில் நாலு பிள்ளைகளை வளர்த்தவன்.

அதில் மீனுக்கு ஒரு தொகை போட்டிருக்கிறான். ஸ்குல்வாவில் மீனுக்குக் காசு! படகு கரை சேரும்போது வாளியோடு நிற்கிற எவருக்கும் வேகவைக்க ஒரு மீன் சும்மா கிடைக்கும், பாதிரியார் ஆனாலும் சோம்பேறி ஆனாலும். இங்கே எந்தக் கடையிலும் மீன் விற்றதில்லை. பேருந்துக்கு மாதச் சீட்டாம். எந்தப் பேருந்து? என் வயதுக்காரன் குறைவாகத்தான் சாப்பிடுவான் என்று வேறு எழுதியிருக்கிறான். அவன் ஒரு நாள் என்னோடு மீன் ஈரலும் சினையும் சாப்பிட உட்காரட்டும், யார் முதலில் எழுந்திருக்கிறார் என்று பார்க்கலாம்.

ஹால்வாரிடம் காட்டினேன். "அந்தப் பட்டியலத் தூண்டில்ல மாட்டி வீசுடா, மீனாவது மதிக்குதான்னு பாப்போம்" என்றான்.

வியாழக்கிழமை ஃபெர்ரி ஏறி வங்கிக்கே போனேன். இங்வில் என்று ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மீனுக்குப் பூஜ்யம் போடச் சொன்னேன். போட்டாள். கணினி ஒப்புக்கொள்ளவில்லை.

"பூஜ்யம்னா எடுத்துக்க மாட்டேங்குது, அஸ்பியோர்ன். மனுஷங்க சாப்பிட்டுத்தானே ஆகணும்?" என்றாள்.

"சாப்பிடுறோம்மா. வாங்குறதுதான் இல்ல" என்றேன்.

மறுபடி முழுத் தொகையையும் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நீங்கள் ஐந்து பேரும் இந்த வீட்டுக்குக் குடிவந்தால் நான் எங்கே இருப்பேன் என்று கேட்டாள். படகுக் கொட்டகை மாடியில், அங்கே அடுப்பு இருக்கிறது என்றேன்.

"எதுக்குக் கொட்டகைல கெடந்து விறைக்கணும்? அதே வீட்டுல இருங்க. ஆறு பேர் ஒரே குடும்பம்னு போட்டா, உங்க ஓய்வூதியமும் கணக்குல வரும். ஒரு ஆள் கூடுறதால செலவு பெருசா ஏறாது. கடன் கெடைச்சிரும்."

எழுபத்தெட்டு வருஷத்தில் நான் கேட்ட மானங்கெட்ட கணக்கு இதுதான். பிள்ளைக்குப் படகு வேண்டுமானால் அப்பன் போய் மருமகளின் அடுப்படியில் உட்கார வேண்டுமாம்! எழுந்து வெளியே வந்துவிட்டேன். காற்று பலமாக இருந்ததால் ஃபெர்ரி இரண்டு மணி நேரம் தாமதம். துறையில் நின்று பார்த்தேன். பிறகு மறுபடி வங்கிக்குள் போய், படிவத்தில் ஆறு பேர் என்று எழுதினேன்.

இனி டொன்யே விஷயம். நாலு பனிக்காலத்துக்கு முன்னால் உன் மனைவி தலைக்கு மூன்று உருளைக்கிழங்கு என்று எண்ணிப் பானையில் போட்டாள். ஹால்வாரை வைத்துக்கொண்டே "இது என்ன, ஜெயிலா?" என்று கேட்டேன். மறுநாள் காலை ஃபெர்ரியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு இந்தத் தீவில் கால் வைக்கவில்லை. அவள் எண்ணியது சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன். அன்று பானையில் ஒன்றும் மிஞ்சி வீணாகவில்லை, அதை மட்டும் சொல்கிறேன்.

படிவம் இதனுடன் இருக்கிறது. வீட்டில் இருக்கப்போகும் பெரியவர்கள் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். டொன்யேயின் பெயருக்கு எதிரே காலியாக இருக்கிறது. நீ அவளைக் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். படித்துப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும். ஏப்ரல் பதினைந்துக்குள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய அறைகளைக் காலி செய்துவிட்டேன். எனக்கு வாசலை ஒட்டிய சின்ன அறை போதும்.

குழந்தைகள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். டொன்யேயிடம் சொல்: என் தட்டுக்கும் மூன்று என்று எண்ணிப் போடட்டும். சாப்பிடுவேன்.

உன் அப்பன்
அஸ்பியோர்ன்