ரப்பர் பால் பூசிய கோட்டு

புக்கிட் தெராப் தோட்டம்,
கோலா கிளாவாங்.
12-9-1977

அன்பு மகள் பஞ்சாலைக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். ஸ்காட்லாந்து ஆஸ்பத்திரியில் உனக்குத் தாதிப் பயிற்சி இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது என்றதும் அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். தோட்டத்து லயன் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டவர்கள் தேங்காய்ச் சில்லுக்கு முதலில் கை நீட்டினார்கள்.

லீவு நாட்களில் பனிமலை ஏறப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாய், என் மகள்தானே. ஆனால் உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, அதன்மேல் வாத்து இறகு அடைத்த சட்டை, அதற்கும் மேலே காற்றைத் தடுக்க ஒன்று என்று கடைக்காரன் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். ஒன்றில் முடிகிற வேலைக்கு மூன்றை விற்கத் தெரிந்தவன் அவன்.

கப்பல் பார்சலில் ஒரு கோட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு காக்கித் துணிகளுக்கு நடுவே இலவம்பஞ்சைப் பரப்பிக் கட்டம் கட்டமாக நானே தைத்தேன். மேல்துணியில் ரப்பர் பாலை ஏழு தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் நம் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டுக் காயவைத்தேன். ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்காது. ஓர் ஊசிமுனைக் காற்று நுழையாது. உன் அம்மா மட்டும், "என்னாங்க, புள்ளைக்குச் சட்டை தச்சீங்களா, பால் வாளி தச்சீங்களா?" என்கிறாள்.

பரீட்சை பார்க்காமல் அனுப்பவில்லை. சிரம்பான் ஐஸ் ஆலையில் வேலை செய்கிற நம் தங்கராஜுவிடம் சொல்லி, ஐஸ் கட்டிகள் அடுக்கும் அறையில் அந்தக் கோட்டோடு ஒரு மணி நேரம் பலகையில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, இங்க ஐஸைத்தான் அடுக்குவோம், ஆளை அடுக்குறதில்ல லா" என்று அவன் கதவைக் கதவைத் திறந்து பார்த்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பால் வாளிக்கு மூடி செய்து காட்டியபோது சிரித்த நம் ஆபீஸ் கிராணி, மறு வருடம் அதே மூடியைத் தோட்டம் முழுக்கக் கொடுத்தார். நான் செய்கிற காரியம் தப்பாகாது. ஆகவே, மலைக்குப் போகும்போது உள்ளே ஒரு பருத்தி பனியன், மேலே இந்தக் கோட்டு, அவ்வளவுதான். கடைக்காரன் சட்டை எதையும் சேர்க்காதே. வியர்க்கிறது என்று கழற்றவும் கூடாது, சூடு போய்விடும். என்னை அப்பன் என்று நினைத்தால் இதைச் செய்.

நீ நடக்கிற பாதையெல்லாம் முருகன் முன்னே நடக்கட்டும்.

அப்பா
முருகையா


5-2-1978

பஞ்சாலைக்கு அப்பா எழுதுவது.

உன் அறைத்தோழி, ரெம்பாவ் பெண் செல்லம் எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. பிரித்தது உன் அம்மா. வாசித்துச் சொன்னது நான். பாதியில் நான் தாளை மடித்துவிட்டேன். அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மங்கம்மாவிடம் போய் மீதியைக் கேட்டாள்.

உன் வலது கையில் மூன்று விரல்களின் நுனியைப் பனி தின்றுவிட்டது, டாக்டர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள், பயிற்சியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று செல்லம் எழுதியிருக்கிறாள். இரண்டு மணி நேரம் ஏறினீர்களாம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வழி தெரியாத மூடுபனியில் நின்றுவிட்டீர்களாம். மற்றவர்கள் பையிலிருந்து இறகுச் சட்டையை எடுத்து மேலே போட்டுக்கொண்டார்களாம். நீ கோட்டைக் கழற்றவே மாட்டேன் என்று நின்றாயாம். கடைசியில் அவர்களே கழற்றியபோது உள்ளே பனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியதாம்.

நான் ஒன்று கேட்கிறேன். கழுத்துப் பொத்தானை ஒழுங்காகப் போட்டாயா? பனி உள்ளே விழுந்து உருகியிருக்கும். இல்லாவிட்டால் பார்சலில் மடிந்த இடத்தில் பூச்சு வெடித்திருக்கும். ஏழு பூச்சு பூசியவன் நான். தண்ணீர் எப்படி இறங்கும்? அந்தப் பெண் செல்லத்துக்குக் கோட்டைப் பற்றி என்ன தெரியும்?

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை பேசினாள். "ஒன் பிடிவாதத்துக்கு எம் புள்ள கைய குடுத்துட்டே" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் என்னை ஒருமையில் அழைத்தது அன்றுதான்.

உடனே பதில் எழுது. பொத்தான் விஷயத்தை மறக்காமல் எழுது.

அப்பா
முருகையா


19-4-1978

என் மகள் பஞ்சாலைக்கு,

பத்து வாரமாகிறது. தபால்காரன் கொடுக்கும் கட்டு கிராணியின் அறைக்குப் போகிறது. நான் வாசலில் நிற்கிறேன். நேற்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கணேசமூர்த்தி, "முருகையாண்ணே, லெட்டர் வந்தா நாங்களே கொண்டாந்து தர்றோம் லா, இப்படி நின்னா எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றான். அவனையும் நான்கு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன்.

நான் தப்பு செய்யவில்லை என்று உனக்கும், உன் அம்மாவுக்கும், செல்லத்துக்கும் காட்டிவிட வேண்டும் என்று இன்னொரு கோட்டு தைத்தேன். அதே காக்கி, அதே பஞ்சு, அதே ஏழு பூச்சு. போன செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு தங்கராஜுவிடம் போனேன். இந்தத் தடவை உட்காரவில்லை. நீ ஏறினாயே, அதற்காக ஒரு ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன்.

பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பு வைத்தது போல் இருந்தது. தங்கராஜுவைப் பார்த்து, "பார்த்தியாடா" என்றுகூடச் சொன்னேன். அரை மணியில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியேயிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. எல்லாம் என் உடம்புத் தண்ணீர். வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றது.

பிறகு ஐஸ் கட்டியை இறக்கிவிட்டு, நீ நின்றதைப் போல நின்றேன். முதலில் முதுகில் ஆரம்பித்தது. யாரோ நனைந்த சாக்கை உள்ளே திணித்தது போல. நடுக்கம் வந்து பல் அடித்துக்கொண்டது. பொத்தானை அவிழ்க்கலாம் என்றால் விரல் வளையவில்லை. தங்கராஜுதான் அவிழ்த்துவிட்டு என்னை வெயிலுக்கு இழுத்துப் போனான். பத்து எட்டில் எனக்கு வெயில் இருந்தது. உனக்கு இல்லை.

வெயிலில் உட்கார்ந்துதான் உன் கடைக்காரன் சொன்னதை யோசித்தேன். உள்ளே இருக்கிற கம்பளி, வியர்வையை உடம்பில் தங்கவிடாமல் வெளியே கடத்துவதற்கு. நடுவே இறகு, சூட்டைப் பிடித்து வைப்பதற்கு. மேலே மெல்லியது, காற்றுக்கு மட்டும். ஏறும்போது வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றவேண்டும், நின்றதும் போட்டுக்கொள்ளவேண்டும். மூன்றாக இருப்பது அதற்குத்தான். ஒன்றாக இருந்தால் எதைக் கழற்றுவது?

இது எனக்குத் தெரியாத விஷயமா? முப்பது வருடம் புகைக்கூடத்தில் நிற்கிறேன். ஷீட்டு காய்வதற்கு நெருப்பு மட்டும் போதாது, கூரை ஓட்டையைத் திறந்து ஈரத்தை வெளியே விடவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். ரப்பர் ஷீட்டுக்கு என்று தெரிந்து வைத்திருந்தது, என் பிள்ளைக்கு என்றபோது எனக்குத் தோன்றாமல் போனது. பொத்தானைப் பற்றி எழுதியதை அழித்துவிடு.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அந்தக் கோட்டு தப்பு என்று உனக்கு அங்கேயே தெரிந்திருக்கும். பக்கத்தில் இறகுச் சட்டையை நீட்டியிருப்பார்கள். என்னை அப்பன் என்று நினைத்தால் என்று எழுதினேன் அல்லவா, நீ நினைத்தாய். இனி அப்படி நினைக்கவேண்டாம் என்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மன்னிப்பு என்று எழுதியும் எனக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ எழுதியது போல இருந்தது.

ஏதாவது வேலைக்குப் போனாலும் சரி, வீட்டில் சும்மா இருந்தாலும் சரி, நீ வந்துவிட்டால் உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கேட்க நான் விடமாட்டேன். வர விருப்பமில்லை என்றால் அதுவும் உன் இஷ்டம். நான் இனி எதையும் செய் என்று சொல்லப்போவதில்லை.

ஒன்றே ஒன்று. பேனா பிடிக்கக் கை வராமல் நீ எழுதவில்லையா, எனக்கு எழுதப் பிடிக்காமல் எழுதவில்லையா என்று தெரியவில்லை. செல்லமும் சொல்லவில்லை. எழுதவேண்டாம். வெறும் தாள் ஒன்றை எடுத்து நீயே மடித்துப் போடு. மேலே விலாசத்தைச் செல்லம் எழுதட்டும். மடிப்பு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நான் பார்த்தால் போதும்.

நீ நன்றாக இருக்கவேண்டும் என்று உன் அம்மா விளக்கு ஏற்றுகிறாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று கும்பிடுகிறேன்.

முருகையா