வேலியோரம் விட்டுவைத்த மூன்று வரிசை

எதிர் வீட்டில் இன்று காலை எலுமிச்சை மரத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தார்கள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. உன்மேல் எனக்கு இருந்த கோபம் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

படாளத்தில் நம் இருவர் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். பந்தலுக்கு இதே மருந்தை அடிக்கும் நாளில் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இருவர் சட்டையும் நீலமாகிவிடும். "இன்னா மச்சான், மயிலு மாரி கீற" என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிப்பாய்.

சங்கம் உன் யோசனை. அதை நான் மறுக்கமாட்டேன். அதற்கு முன்னால் தரகன் தோட்டம் தோட்டமாக வருவான். உன்னிடம் என்னைச் சொல்லி விலையைக் குறைப்பான், என்னிடம் உன்னைச் சொல்லிக் குறைப்பான். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு; பழுத்த பிறகு அதிக நாள் நிற்காது, பேரம் பேச நமக்கு நேரம் ஏது? பன்னிரண்டு தோட்டக்காரர்களைச் சேர்த்து நீ ஒரே விதிதான் போட்டாய்: செயலாளர் சொல்லாமல் யாரும் பழத்தில் கத்தி வைக்கக் கூடாது. முதல் வருடமே தரகன் வழிக்கு வந்தான். செயலாளர் நீதான். உன்னை நம்பியதுபோல் கூடப்பிறந்தவனைக்கூட நான் நம்பியதில்லை.

பிறகுதான் ஒயின் ஆசை வந்தது. மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த காலம். ஒரு ஒயின் கம்பெனி சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இடம் பார்க்கிறது, நம் பழம் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் என்று வந்து சொன்னாய். பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை. என்னை பஸ்ஸில் மகாபலிபுரம் கூட்டிப்போனாய். கடற்கரை ஓட்டலில் வெயில் பட்டுச் சிவந்துபோய் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களைக் காட்டி, "எங்கியோ இருந்து வர்ற ஒயினைக் குட்ச்சிகினு கீறாங்க. அடுத்த வருசம் நம்ம பழம் அந்த மேசைக்கு வரும், பாரு" என்றாய். திரும்பி வந்து மற்றவர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தது நீ இல்லை, நான்.

ஒயினுக்குப் பழம் இனித்தால் மட்டும் போதாது, சர்க்கரை ஏற ஏறக் கொடியிலேயே விடவேண்டும் என்றார்கள். கம்பெனி சங்கத்துக்கு ஒரு சின்னக் குழல் கொடுத்திருந்தது. பழச்சாற்றை அதன் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், சர்க்கரை எவ்வளவு என்று உள்ளே கோடு காட்டும். அது உன்னிடம் மட்டும்தான் இருந்தது. சித்திரை பிறந்ததும் என் பந்தலடிக்கு வந்தாய். ஒரு கண்ணை மூடிக் குழலைப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாளு தாங்கும் மச்சான், அவசரப்படாத" என்றாய். பழமோ கை பட்டாலே உதிர்ந்தது. என் மனைவி சண்டை போட்டாள். "வானம் ஒரு மாரியா கீது, அறுத்துடலாம்" என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அவன் தோட்டத்துலயும் தொங்குதே, பாக்கல?" என்று அவள் வாயை அடைத்தேன். அங்கே பழம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஏழாம் நாள் மழை கொட்டியது. பன்னீர்ப் பழம் தண்ணீர் குடித்தால் வெடித்துவிடும். மறுநாள் வெயில் ஏறியதும் தோட்டம் முழுக்கப் புளித்த வாடை, எங்கு பார்த்தாலும் குளவி. தேறியதை இரண்டு கூடையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பஜாரில் பழக்கடை வைத்திருந்த காசிம் பாயிடம் போனேன். அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, இவ்ளோ நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க? உங்க சிநேகிதரு பத்து நாளு முன்னாடியே லாரி வச்சி அனுப்ட்டாரே. கம்பெனி வரலன்னு லெட்டர் வந்துச்சாமே."

மதுவிலக்கு திரும்பி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும் கம்பெனி பின்வாங்கிவிட்டிருந்தது. சங்கத்துக்கு வரும் கடிதம் உனக்குத்தான் வரும். அப்படியென்றால் நீ என் பந்தலடியில் குழலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே உன் பழம் விற்று முடிந்திருந்தது.

படாளம் வந்து வீட்டுக்குப் போகவில்லை. வேலியைத் தாண்டி உன் தோட்டத்துக்குள் நுழைந்தேன். வேலியோரம் மூன்று வரிசையில் பழம் வெடித்துத் தொங்கியது. நாலாவது வரிசையிலிருந்து வெறும் இலை; கிணறு வரைக்கும் ஒரு கொத்து இல்லை. நான் பார்த்து ஏமாறுவதற்காகவே மூன்று வரிசைப் பழத்தை அழிய விட்டிருக்கிறாய். அங்கேயே நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

நீ கிணற்றடியிலிருந்து வந்தாய். எதையும் மறைக்கவில்லை. "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிகினு கீறேன் மச்சான். கம்பெனிக்குன்னு நிறுத்தி வச்சது மொத்தமும் ஒரே நாள்ல பஜாருக்கு வந்தா எவன் வாங்குவான்?"

"எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாமேடா."

"உங்கிட்ட சொன்னா மத்த பத்து பேருக்கும் சொல்லிடுவ. உன் கொணம் எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அரிசி மில் கொட்டகையில் சங்கம் கூடியது. கம்பெனிக் கடிதம் முந்தாநாள்தான் வந்தது என்று நீ எழுந்து சொன்னாய். என் பேச்சைக் கேட்டுக் கம்பெனிக்கு ஒப்புக்கொண்ட கோவிந்தன், உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். அவனுடைய தோட்டம் முழுசும் போயிருந்தது. "நீ சொல்லு அண்ணாத்த. முந்தாநாள்தான் வந்துச்சா? மெய்யா?"

"ஆமாம்" என்றேன்.

உன் மகள் கல்யாணம் நின்றுவிடுமே என்று சொன்னேனா, இத்தனை பேரை இழுத்துவிட்ட நானும் மாட்டுவேனே என்று சொன்னேனா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சங்கம் அடுத்த வருடம் கலைந்தது. கோவிந்தன் கொடியை வெட்டிப்போட்டுவிட்டுக் கடலை போட்டான். உன் மகள் கல்யாணத்தில் நான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறினேன். நீ என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

என் குணம் தெரியும் என்றாயே, பாவி, அதுகூட உனக்குத் தெரியவில்லை. நீ சொல்லியிருந்தால் நான் யாரிடமும் மூச்சு விட்டிருக்கமாட்டேன். நானும் உன்னைப் போன்றவன்தான் என்று எனக்கே காட்டிக்கொடுத்தாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் படாளம் கூட்டுரோட்டில் கோவிந்தனைப் பார்த்தேன். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. "நல்ல மனுசன். அன்னிக்கி ஒரு நிமிசம் அவரைத் தப்பா நெனச்சிட்டேன், நீ சொன்னதாலதான் மனசு ஆறுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.