புகை போடாத ரப்பர்

என் செல்லம்மா, ஐந்து வருஷமாக உன் படத்திடம் வாயால்தான் பேசினேன். இன்று எழுதுகிறேன். ஆமாம், நானேதான். ஒரு வரிக்கு ஒரு வாய் தேத்தண்ணி என்று மெதுவாகப் போகிறது. சிரிக்காதே.

நம் மகள் கலா கொழும்பில் ரப்பர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். கடற்படைக் கப்பலின் அடியில், தண்ணீருக்குள் வரும் சத்தத்தைக் கேட்க ஒரு கருவி உண்டாம். அதைப் போர்த்த ரப்பர்த் தகடு செய்கிறாள். தண்ணீர் உள்ளே புகக்கூடாது, சத்தம் மட்டும் புகவேண்டும். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினோமே, இப்படி ஒரு ரப்பரைக் கண்டோமா?

போன வருஷம் அதை நோர்வூட் பக்கத்து நீர்த்தேக்கத்தில் சோதிக்க எடுத்து வந்தாள். நான் கடைக்குப் போயிருந்த நேரம், லயத்து வரிசையில் நம் வீட்டில் வைத்துவிட்டுப் படகு பேசப் போய்விட்டாள். நான் வந்து பார்த்தால், மேசையில் கழுவி ஈரம் காயாத தகடு, பக்கத்தில் ஏதோ ஒரு தாள். ஈர ரப்பரைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? பூஞ்சணம் பிடித்துவிடுமே என்று, கினிகத்தேனைத் தோட்டத்துப் புகைக்கூடத்தில் நீயும் நானும் போடுவது போல, அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கவிட்டு நன்றாகப் புகை போட்டேன்.

"ஐயோ அப்பா, என்னா செஞ்சீங்க! தொடாதீங்கன்னு எழுதி வச்சிருந்தேனே!" என்றவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஒங்களுக்கு வாசிக்க வராதுங்கறத மறந்துட்டேன்பா. தப்பு எம்மேலதான்."

எவ்வளவு கழுவியும் புகைப்பசை போகவில்லை. தண்ணீருக்குள் அதில் காற்றுக் குமிழ்கள் ஒட்டின, சத்தம் அவற்றில் பட்டுச் சிதறிப் போனது. இன்னும் ஒரு தடவைதான், அதிலும் தவறினால் வேலை வேறு ஆளுக்கு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பழியைத் தானே எடுத்துக்கொண்டாளே, அதுதான் உறுத்தியது. அடுத்த வாரமே கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். "தாத்தா, பரீட்சை எப்ப?" என்று லயமே கேலி செய்தது. நான் விடவில்லை.

நேற்று கலா புதுத் தகட்டோடு வந்தாள். மேசையில் தாளும் இருந்தது. விரல் வைத்து வாசித்தேன்: "அப்பா, தொடாதீங்க." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல் நின்றேன். பக்கத்து வீட்டு மருதாயி எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, இந்தத் தடவ புகை போடலியா?" என்றாள்.

"தாள வாசிச்சுட்டுப் பேசு தங்கச்சி" என்றேன்!

இன்று காலை படகில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். தகடு போர்த்திய கருவியைத் தண்ணீரில் இறக்கினாள். தூரத்துப் படகிலிருந்து நீருக்குள் சத்தம் அனுப்பினார்கள். அதைக் கேட்க என் காதிலும் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டாள். டிக், டிக் என்று, யாரோ கதவண்டை நின்று தட்டுவது போல அத்தனை தெளிவு.

"நடுவுல ரப்பர் இருக்கா புள்ள?"

"இருக்குப்பா. சத்தத்துக்குத்தான் அது இருக்கறது தெரியல."

அவள் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் நம்புவாயா?

அடுத்த சோதனை திருகோணமலைக் கடலில். நானும் போகிறேன். அங்கே பெட்டியின் மேல் ஒட்டுகிற 'தொடாதீங்க' தாளை என் கையாலேயே எழுதுவேன். உன் மேல் சத்தியம்.

கலாவின் அப்பா,
உன் வீட்டுக்காரன் மாரிமுத்து