நீக்கிய இரைச்சல்

அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ஓடிப்போன அண்ணனுக்கு,

உன் கட்டில் இப்போது என்னுடையது, வழக்குப் போடாதே.

அப்பாவின் நாடகக் குழுவுடைய பழைய கேசட்டுகளை நான்தான் கணினியில் ஏற்றுகிறேன். துட்டு இல்லை, திட்டு மட்டும். "இரைச்சலை எல்லாம் எடுத்துடுடி வாயாடி" என்றார். எடுத்த இரைச்சலை மட்டும் தனியாகக் கேட்டேன். இருமல்களுக்கு நடுவே அம்மா! மேடை ஓரத்தில் மறைந்து நின்று, நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிறாள். அவள் கண்மூடி நாலு வருடம் ஆகிறதே அண்ணா.

குறும்புக்காக அதை அப்பாவின் போனில் போட்டுவைத்தேன். இப்போது தினமும் கதவைச் சாத்திக்கொள்கிறார். அம்மா எடுத்துக்கொடுக்க, எல்லார் வசனத்தையும் இவரே பேசுகிறார்.

நேற்று நீ சின்ன வயதில் நடித்த காட்சி வந்தது. உன் வசனத்தை அம்மா மூன்று முறை எடுத்துக்கொடுத்தாள். அப்பா வாய் திறக்கவில்லை.

"கொஞ்சம் பொறு, அவன் வந்து சொல்லுவான்" என்றார். என்னிடம் அல்ல, அவளிடம்.

கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்ட,
உன் வாலு