ரவாங்கில் விட வேண்டும்

21 ஏப்ரல் 1934, சனி

கந்தோர் ஒரு மணிக்கு விட்டது. நேரே வீட்டுக்கு வராமல் கோலாலம்பூர் பத்து ரோட்டில் ஜப்பான்காரன் கடைக்குப் போய், தலைமுடி சுருட்டும் குறடு ஒன்று வாங்கினேன். ஓர் உருண்டைக் கம்பி, அதைக் கவ்விக்கொள்ள ஒரு தகடு, இரண்டு மரப்பிடி. நெருப்பில் வைத்துச் சூடாக்க வேண்டுமாம். யாருக்கு என்று கடைக்காரன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் வரும்வரை யோசித்தேன்.

வீட்டில் மனைவி புனிதவதியிடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

22 ஏப்ரல், ஞாயிறு

காரணத்தை எழுதி வைப்பது நல்லது. ரயில்வே கந்தோரில் இரண்டாம் கிளாக்கராக இருப்பவன் இப்படி ஒன்றை ஏன் வாங்கினான் என்று பிறகு எனக்கே விளங்காமல் போகலாம்.

போன அக்டோபரில் என் மனைவிக்கு நெருப்புக் காய்ச்சல். முப்பத்தொரு நாள் ஆஸ்பத்திரி. இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின், வெட்டாமல் விட்டதும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உயிர் தங்கியதே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாசி மாதம் கந்தசுவாமி கோயிலில் விழுந்து கும்பிட்டு எழும்பியபோது, கொண்டையில் வைத்திருந்த சவுரி கழன்று தரையில் கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி எலி என்று கத்தினாள். அன்றிலிருந்து புனிதவதி வாசற்படி தாண்டவில்லை. பாசாருக்கு நான்தான் போகிறேன். முருங்கைக்காய் தெரிந்தெடுக்க எனக்கு வராது.

ஆகஸ்ட் 23ல் கிளாங்கில் அவள் தங்கை ரமணிக்குக் கலியாணம். தாய் இல்லாத பிள்ளைகள். தாய் நிற்கவேண்டிய இடத்தில் மூத்தவள் நிற்க வேண்டும். வரமாட்டேன் என்று புனிதவதி தகப்பனுக்கு எழுதிவிட்டாள். மாமா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார், எப்படியாவது கூட்டிக்கொண்டு வாரும் என்று. எப்படி என்று எழுதவில்லை.

எங்கள் துரையின் மனைவிக்கும் முடி கழுத்துவரைதான். அவளை யாரும் ஐயோ பாவம் என்பதில்லை. அலை அலையாகச் சுருட்டி வைத்திருக்கிறாள். ஆக, குட்டை முடி நோய். சுருட்டிய குட்டை முடி நாகரிகம். என் யோசனை இவ்வளவுதான்.

28 ஏப்ரல், சனி

குறட்டைக் கரியடுப்பில் சூடாக்கி, முதலில் சவுரியில் பரீட்சித்துப் பார்த்தேன். சவுரி இனி இல்லை.

நாற்றம் போக இரண்டு மணிநேரம் ஆயிற்று. புனிதவதி அதைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். வருத்தப்பட்டவளாகத் தெரியவில்லை.

5 மே, சனி

பத்திரிகைத் தாளைக் கவ்விப் பார்த்தேன். தாள் பழுத்தால் சூடு அதிகம். பழுக்காவிட்டால் சரி. சூடு பிடிபட்டுவிட்டது; நேரம் பிடிபடவில்லை. ஒன்று இரண்டு என்று எண்ணினால் பயத்தில் வேகமாக எண்ணுகிறேன். வடக்கே போகும் லைனின் ஸ்டேஷன் பெயர்களைச் சொன்னால் அப்படியல்ல. எட்டு வருடமாக அவை ஒரே வேகத்தில்தான் வாயில் வருகின்றன.

12 மே, சனி

சம்மதித்தாள். ஏன் சம்மதித்தாள் என்று தெரியாது, கேட்கவும் இல்லை. குசினியில் பலகையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். நான் பின்னால் முக்காலியில்.

கோலாலம்பூர், கெப்போங், சுங்கை பூலோ, குவாங், ரவாங். ரவாங்கில் விட வேண்டும். அடுத்த ஸ்டேஷன் செரண்டாவரை போனால் கருகுகிறது.

நாலு சுருள் போட்டேன். இரண்டு கருகின. வலது காதில் சுட்டுவிட்டேன். அவள் தேன் பூசிவிட்டுக் கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"திமிர் பிடிச்சவள் மாதிரிக் கிடக்குது," என்றாள். பிறகு, "பாவம் எண்டு பாக்கிறதைவிடத் திமிர் எண்டு பாக்கட்டும். அடுத்த சனியும் செய்யுங்கோ."

19 மே, சனி

ஏழு சுருள். ஒன்று கருகல். காது இரண்டும் சுகம்.

2 ஜூன், சனி

இன்று அவள் பேசினாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த செட்டித் தெருப் பெண் ஒரு விடியற்காலையில் இறந்துபோனதை, அதற்கு முந்திய இரவு முழுவதும் இருவரும் புளிக்கறி வைப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்ததை. தலைமுடியை வெட்டியபோது அந்தப் பெண்தான் இவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் தினமும் ஐந்து மணிக்குப் போய், சாப்பிட்டீரா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கலியாணம் செய்து ஆறு வருடத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் பேச்சு வரும் போலிருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒரு சுருளைச் செரண்டாவும் தாண்டி ராசாவரை கொண்டுபோய்விட்டேன். போனது போனதுதான்.

9 ஜூன், சனி

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இராசேஸ்வரி அக்கா மோர் மிளகாய் கொடுக்கப் பின்வாசலால் வந்தார். என் கையில் குறடு, மடியில் துவாய், வாயில் சுங்கை பூலோ. மிளகாயை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பேசாமல் போனதுதான் பயம். அவர் புருஷன் சண்முகரத்தினம் எங்கள் தலைமைக் கிளாக்கர்.

11 ஜூன், திங்கள்

பயந்தபடியே. பத்து மணிக்கு எல்லாரும் இருக்கும்போது சண்முகரத்தினம் கேட்டார்: "என்ன கார்த்திகேசு, புதுத்தொழில் பழகிறீராம்? ஒருநாளைக்கு வந்து எனக்கும் சவரம் செய்துவிடுமன்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிடையே அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. நானும் சிரித்தேன். அதுதான் இப்போது ஆத்திரமாக இருக்கிறது. நான் ஏன் சிரித்தேன்?

16 ஜூன், சனி

கரி நனைந்துவிட்டது என்று சொன்னேன். புனிதவதி கரிச்சாக்கைப் பார்த்தாள். சரி என்றாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

17 ஜூன், ஞாயிறு

கரி நனையவில்லை.

23 ஜூன், சனி

கதவையும் ஜன்னலையும் மூடிவிட்டுத் தொடங்கினேன். மூன்றாவது சுருளில் இருவருக்கும் இருமல். கண்ணில் நீர் வழிய ரவாங் எங்கே என்று தெரியவில்லை. அவள் எழும்பிவிட்டாள்.

"மூடிக்கொண்டு செய்யிறதெண்டால் வேண்டாம். நாலு மாசமா நான் மூடிக்கொண்டுதானே இருக்கிறன்."

ஜன்னலைத் திறந்தேன். புகைக்காக என்று சொல்லிக்கொண்டேன். புகைக்காக மட்டும் அல்ல. எதிரே இராசேஸ்வரி அக்கா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கோலாலம்பூர் என்று சற்றுச் சத்தமாகவே தொடங்கினேன். ஒன்பது சுருள், ஒன்றும் கருகவில்லை.

7 ஜூலை, சனி

தலையில் எண்ணெய். குறடு பட்டதும் பொரிகிறது, புகைகிறது. வெள்ளிக்கிழமை தலை முழுகினால் சீயக்காய் எண்ணெயை எடுத்துவிடுமே. பிறகு எப்படி எண்ணெய் என்றேன். சூட்டுக்குக் கொஞ்சம் வைத்தேன் என்றாள். சனிக்கிழமை வைக்க வேண்டாம் என்று நயமாகச் சொன்னேன்.

14 ஜூலை, சனி

மறுபடியும் எண்ணெய். முன்னையதிலும் அதிகம். படிய வாரி, முடியைத் தலையோடு ஒட்டவைத்ததுபோல் வந்து உட்காருகிறாள். அடக்கிக்கொண்டேன்.

21 ஜூலை, சனி

எண்ணெய். அடக்கிக்கொள்ளவில்லை. ஒருமுறை சொன்னால் விளங்காதா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

துவாயால் மூன்று தரம் துடைத்துத்தான் தொடங்க வேண்டியிருந்தது. முடி முன்னைவிடச் சீக்கிரம் சுருளுகிறது. குவாங்கிலேயே விட்டுவிடலாம். என் கை திருந்தியிருக்க வேண்டும்.

4 ஆகஸ்ட், சனி

பின்னேரம் அவள் வாசலுக்குப் போனாள். படி இறங்கினாள். வேலியருகே நின்று இராசேஸ்வரி அக்காவோடு பத்து நிமிடம் கதைத்தாள். நான் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன்.

உள்ளே வந்து, "திமிர் எண்டு நினைச்சிட்டா," என்றாள். முகத்தில் அவ்வளவு திருப்தி.

11 ஆகஸ்ட், சனி

பாசாருக்கு அவளே போனாள். முருங்கைக்காய் நன்றாக இருந்தது.

18 ஆகஸ்ட், சனி

கிளாங்குக்கு வருகிறாள். பெட்டி கட்டுகிறாள். நான் குறட்டைத் துவாயில் சுற்றி என் வேட்டிகளுக்குள் வைத்தேன். கலியாணக் கூட்டத்தில், வியர்வையில் சுருள் விழுந்துவிட்டால் என்ன செய்வது? சவுரி விழுந்தது ஒரு கோயிலில். இது இரண்டு குடும்பத்துச் சனம்.

22 ஆகஸ்ட், புதன். கிளாங்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து மாமா வீட்டுக்கு வரும் வழியில் மழை. ஒரே குடை, காற்று அதையும் பிரட்டிவிட்டது. வாசலில் பந்தல், பந்தலுக்குள் முப்பது பேர். புனிதவதியின் தலை முழுவதும் நனைந்து ஒட்டிக்கிடந்தது. நாலு மாத வேலை. இனி இவள் திரும்பி ஸ்டேஷனுக்கு நடப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அவளைப் பின்பக்கமாக அறைக்குள் அனுப்பிவிட்டு, பெட்டியிலிருந்து குறட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். சமையல்காரரிடம் கொஞ்சம் நெருப்புக் கேட்டேன். சுருட்டுப் பற்றவைக்கவா என்று கேட்டார். ஆம் என்றேன். சுருட்டுக்கு இவ்வளவு பெரிய இரும்பா என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷர். சூடானதும் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தேன்.

புனிதவதி துவாயால் தலையை உதறிக்கொண்டிருந்தாள். முடி தானாகச் சுருண்டுகொண்டிருந்தது. நெற்றியில், காதோரம், பிடரியில், காயக் காயச் சுருள் எழும்பியது. நான் போட்டதைவிட நெருக்கமாக, நான் போட்டதைவிட நன்றாக.

பக்கத்தில் ரமணி நின்றாள். என் கையில் இருந்ததைப் பார்த்து, "இது என்னத்துக்கு அத்தான்? காய்ச்சலுக்குப் பிறகு முளைச்ச முடி தானாச் சுருளுது எண்டு அக்கா ஆனியிலேயே எழுதினவா. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும் என்றேன். புனிதவதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வளவில் போய்க் குறட்டைத் தண்ணீர் வாளியில் முக்கினேன். சீறியது. அப்போதுதான் எனக்கு எண்ணெய் விளங்கியது. ஏழு வாரம் எண்ணெய் வைத்து, சுருளை அழுத்தி, நேராக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் அதற்குக் கோபித்திருக்கிறேன். விசரன்.

ஏன் என்று மட்டும் விளங்கவில்லை.

23 ஆகஸ்ட், வியாழன். கிளாங்.

கலியாணம் நல்லபடி முடிந்தது. தாயின் இடத்தில் நின்று புனிதவதி ஆலாத்தி எடுத்தாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை பக்கத்து அம்மா ஒருவர் அவளை நிறுத்தி, இந்தச் சுருள் எந்தக் கடையில் போட்டது என்று கேட்டார். மாமாவின் அழைப்பில் வந்திருந்த சண்முகரத்தினமும் இராசேஸ்வரி அக்காவும் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"கடையில இல்லை. வீட்டிலதான்," என்றாள் புனிதவதி, எல்லாருக்கும் கேட்க. "இவர்தான் செய்துவிடுறவர்."

நான் பந்தல்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல பந்தல்கால். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் நான் கூடச் சேர்ந்திருக்க மாட்டேன்.

25 ஆகஸ்ட், சனி

வீடு. குசினியில் நேருக்கு நேராக உட்கார்ந்து கேட்டேன். முடி தானாகச் சுருளுகிறது என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?

வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"சொன்னால் நீங்கள் சனிக்கிழமையிலும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு முன்விறாந்தைக்குப் போயிடுவியள்."

ஆறு வருடம் நான் முன்விறாந்தையில்தான் இருந்திருக்கிறேன். எழுதும்போது கண் கலங்குகிறது. யார் பார்க்கப்போகிறார்கள், கலங்கட்டும்.

1 செப்டம்பர், சனி

மத்தியானம் இராசேஸ்வரி அக்கா பின்வாசலால் வந்து குறட்டை இரவல் கேட்டார். அவருக்கு இல்லையாம், தெரிந்த ஒருவருக்காம். திருப்பித் தர அவசரமில்லை என்றேன். ரவாங்கில் விட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கரி வாங்கவில்லை. மூன்று மணிக்குப் புனிதவதி பலகையைப் போட்டு, சீப்பை என் கையில் தந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. மெதுவாகச் சிக்கெடுத்தேன். ரவாங்கில் நிற்கவில்லை. செரண்டா, ராசா, கோலகுபு, தஞ்சோங் மாலிம் என்று போய்க்கொண்டே இருந்தோம். அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

ஈப்போவில் சீப்பை வைத்தேன்.

"பிறை ஸ்டேஷன்வரைக்கும் தண்டவாளம் கிடக்குதெல்லே," என்றாள்.

கிடக்கிறது.