ஒரு தையலும் விடாத பட்டை

சிட்டுக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசை மட்டும் விசாரிக்காதே. நேற்று அப்பா வழக்கில் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவு சொல்லிவிட்டது. போனில் நீ கேட்டபோது நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன், மிச்சம் வாயில் வரவில்லை.

அப்பா வேலை பார்த்த அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் மெஷினுக்கு இரண்டு பொத்தான், இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும், கை உள்ளே போய்விடக் கூடாதென்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கையால் அட்டையைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அன்றைய வேலை முடியும், அதனால் எல்லாரும் ஒரு பொத்தானை எதையாவது கட்டி அமுக்கி வைத்துவிடுவார்கள். அப்பா ஒட்டுகிற டேப் பிய்ந்து பிய்ந்து போகிறதென்று என்னிடம் வந்து நின்றார். உன் பழைய பள்ளிக்கூடப் பையின் வாரை வெட்டி நான்தான் பட்டை தைத்துக் கொடுத்தேன் சிட்டு. இதை உன்னிடம் மறைத்துவிட்டேன். எங்க வீட்டம்மா தைச்சதுல யானையே தொங்கலாம் என்று அங்கே போய்ப் பீற்றிக்கொண்டார், அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் வாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவர்களுக்கும் தைத்தேன், பெருமையாகத்தான் தைத்தேன்.

நேற்று கம்பெனி வக்கீல், கத்தி இறங்கி அப்பா போன அன்று பொத்தானில் கட்டியிருந்த அந்தப் பட்டையை எடுத்துக் காட்டி, தப்பு அப்பாவுடையதுதான் என்று பேச ஆரம்பித்தார். நீதிபதியம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டார், வேலை நேரத்தில் இறந்தாரா, வயது என்ன, சம்பளம் என்ன, இவ்வளவுதான் இந்தச் சட்டத்தில் நான் பார்க்கலாம், யார் தப்பு என்று பார்க்க எனக்கு இடமில்லை என்றார். கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா தப்பித்தோம் என்று என் தொடையைத் தட்டினாள். எனக்கு அப்படி இல்லை. நான் எழுந்து, பணம் இருக்கட்டும் அம்மா, மற்ற மெஷினில் இருக்கிற நாலு பட்டையையும் அவிழ்க்கச் சொல்லுங்கள் என்றேன். நீதிபதியம்மா கோப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"பணம் கொடுக்கச் சொல்லத்தாம்மா எனக்கு அதிகாரம். மெஷினைப் பத்தி ஒரு வார்த்தை உத்தரவு போட முடியாது. அதுக்கு வேற ஆபீஸ், எழுதிப் போடுங்க."

எழுதிப் போடுவேன். அதுவரை பொறுக்காமல் நேரே ஆலை வாசலுக்குப் போனேன். அப்பா இடத்தில் இப்போது நிற்பது நம் நெட்டையன்தான், என்னிடம் பட்டை தைத்துக்கொண்டு போன நாலு பேரில் ஒருத்தன், கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. பட்டையைத் திருப்பிக் கொடு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, உங்க பட்டை இல்லேன்னா கம்பியக் கட்டுவேன் அக்கா, வீட்டுக்குப் போங்க என்றான்.

நீ வேளைக்குச் சாப்பிடு. உன் வேலையிடத்தில் பாதுகாப்புக்கென்று எதை வைத்திருந்தாலும் அவசரத்துக்குக் கழற்றிவிடாதே, மாப்பிள்ளையிடமும் சொல். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

வழக்கு முடிந்ததென்று அப்பாவின் பட்டையை ஒரு உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு தையலாவது விட்டுப் போயிருக்கக் கூடாதா சிட்டு?