பிரேக்குக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம்

அத்தான்,

இதெல்லாம் நடக்கும் என்று அப்போதே சொன்னவன் நான். உங்கள் மகள் செண்பகம் ஒருநாள் தானே கார் ஓட்டிக்கொண்டு வருவாள், பக்கத்துச் சீட்டில் என் அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், டிராக்டர்கள் இழுத்துவிட்ட கரிசல் சேறு ரோடெல்லாம் அப்பிக் கிடக்கும், ஆனாலும் வண்டி ஒரு சாண்கூட வழுக்காமல் என் பஞ்சர் கடை வாசலில் வந்து நிற்கும் என்று சொன்னேன். இன்று காலை அப்படியே நடந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டு வருவாள் என்ற ஒன்றுதான் பலிக்கவில்லை. கதவைத் திறக்கும்போதே, “ஏலே, கோவில்பட்டியிலருந்து கயத்தாறு வரைக்கும் முருகனை விடாம கூப்பிட்டுட்டு வாரேன், உன் மருமக சிரிக்கா” என்றாள். கார் பழையது, இரண்டாம் கை. ஏ.பி.எஸ். கிடையாது.

நான் அந்நேரம் ஒரு டியூபுக்குச் சூட்டு ஒட்டு போட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையின் ஈரத்தோடு வெந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும், நீங்கள் நினைப்பில் வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் ஒரு வருடம் படித்த எட்டாம் வகுப்பை நான் இரண்டு வருடம் ஆழ்ந்து படித்தவன். பிழை இருக்காது.

அந்த இன்னொரு ஐப்பசியை நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் கழுகுமலை மினிபஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். மழை விட்டுத் தூறல். ரோட்டில் சேறு. வளைவில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. இருநூறு ஆடுகள். செண்பகம் இருபது என்பாள். அவள் அன்று பஸ்ஸில் இல்லை. நானும் இல்லை என்பது வேறு விஷயம். நீங்கள் மிதித்த மிதியில் சக்கரம் நான்கும் அப்படியே பூட்டிக்கொண்டன. பூட்டிய சக்கரம் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காது. பஸ் சேற்றில் சறுக்கிக்கொண்டே போய் உளுந்துக்காட்டுக்குள் இறங்கி நின்றது. ஓர் ஆட்டுக்கும் காயமில்லை, ஓர் ஆளுக்கும் காயமில்லை. நீங்கள் இறங்கி எல்லாரையும் கைதூக்கி இறக்கிவிட்டபோது ஓர் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாளாம், “அண்ணாச்சி, உங்க ஒத்தச் செருப்பு இங்கன கெடக்கு.”

செருப்பு கழன்றது உங்களுக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுகொண்டிருந்ததை அதுவரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். என்னிடம்தான் சொன்னீர்கள்: “கால் பிரேக்குல இருக்கான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது மாப்ள.”

பஸ் முதலாளி திட்டியிருந்தால்கூட இரண்டு நாளில் மறந்திருப்பீர்கள். அவர், “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி” என்று மெதுவாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அக்கா வேறு, இனி இந்த வீட்டில் ஒருவரும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான் உங்களைத் தேற்ற, “ஒரு உசுருக்கும் சேதமில்லாம நிறுத்திட்டீங்கள்லா அத்தான்” என்றேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள், “நான் நிறுத்தல மாப்ள. உளுந்துக்காடு நிறுத்துச்சு.”

அதற்குப் பிறகு பல மாதம் அந்த ஒரு வார்த்தையோடுதான் வீட்டில் கிடந்தீர்கள். வேலை போனது உங்களை அரிக்கவில்லை. ஓடுகிற வண்டியை நிறுத்த இனி உங்களால் முடியுமா முடியாதா, அதுதான் அரித்தது.

செண்பகம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அவள் சம்பளத்தில் ஒரு விளையாட்டு ஸ்டீயரிங்கும், பிரேக், கிளட்ச் என்று மூன்று மிதிகளும் வாங்கி வைத்துக்கொண்டு, ஊர் ஊராய் இருக்கிற பிள்ளைகளோடு திரையில் கார்ப் பந்தயம் ஓட்டுவாள். அக்கா அதை டி.வி. என்றே நினைத்துக்கொண்டிருந்ததால் சத்தியம் அதற்குச் செல்லுபடியாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பிடித்து இழுத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தவன் நான். செண்பகம்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். கையைப் பிடித்தது அவள், முதுகில் தள்ளியது நான்.

“ஹாரன் எங்கட்டி இருக்கு?” என்பதுதான் நீங்கள் கேட்ட முதல் கேள்வி.

“ரேஸ் காருல எதுக்குப்பா ஹாரன்?”

“ஹாரன் அடிக்காம எப்படிட்டி ஒருத்தனை முந்துதது? வம்புக்கு வர மாட்டான்?”

முதல் நாள் அருமையாக ஓட்டினீர்கள். எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் கார் வழுக்காமல் நின்றது. நான் கைதட்டினேன். உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏட்டி, நான் கண்டபடி மிதிக்கேன், இது எப்படி இவ்வளவு பதவிசா நிக்குது?” என்று கேட்டீர்கள். விளையாட்டில் ஏ.பி.எஸ். போட்டு வைத்திருக்கிறது, சக்கரம் பூட்டப்போனால் அதுவே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் என்று அவள் விளக்கினாள்.

உங்கள் முகம் சுருங்கியது. “அப்ப இங்கயும் நான் நிறுத்தல” என்றீர்கள். “அதை அணைச்சிரு.”

அணைத்தாள். அன்று ஆரம்பித்தது வினை. மிதித்தால் பூட்டு, பூட்டினால் நேரே போய் மணலில் விழுதல். வளைவு இடப்பக்கம் போகும், நீங்கள் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்திருப்பீர்கள், கார் மட்டும் மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி நேராகப் போகும். பழைய பழக்கத்தில் பிரேக்கைப் பம்ப் அடித்தீர்கள். அப்படி அடித்தால் வண்டி நிற்க நேரம் பிடிக்கும் என்றாள் செண்பகம். முதலில் ஓங்கி மிதித்து, வேகம் குறையக் குறையப் பூட்டாத அளவுக்குக் காலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். அவ்வளவுதான் வித்தை. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர் அதை எவ்வளவு தளர்த்துவது? மிதியோ பஞ்சு மாதிரி அமுங்கியது. “சும்மா காத்தை மிதிக்க மாதிரி இருக்கு” என்று எழுந்து போய்விட்டீர்கள். பிறகு ஒரு மாதம் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

ஆயுத பூசைதான் உங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. வீட்டில் பூசைக்கு வண்டி என்று ஒன்றும் இல்லை. அக்கா அரிவாள்மனைக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் சந்தனக் கிண்ணத்தோடு செண்பகத்தின் அறைக்குள் போனீர்கள். ஸ்டீயரிங்கின் நடுவில் சந்தனம், குங்குமம். மூன்று மிதிகளுக்கும் பொட்டு. டயர் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது? யோசித்துவிட்டு பிரேக் மிதிக்கு அடியில் செருகினீர்கள். நசுக்கித்தானே ஆக வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டத்தையும் ஆரம்பித்தீர்கள். நான் வாசலில் நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன்.

முதல் வளைவு. மிதித்தீர்கள். கார் பூட்டவில்லை. இரண்டாவது வளைவு. டயர் முணுமுணுத்தது, பூட்டவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! “மாப்ள, தொடைக்குத் தெரியுதுலே” என்று கத்தினீர்கள். பழம் உருண்டு திரண்டு எதிர்த்து நின்றதால், பாதம் சொல்லாத சேதியை முழங்காலும் தொடையும் சொல்லிவிட்டன. மூன்றாவது வளைவில் பழம் வெடித்தது.

சாறு முழுவதும் மிதிக்குள்ளே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு காலை எடுத்தாலும் கார் பாதி பிரேக்கிலேயே அழுதுகொண்டு நின்றது. செண்பகம் வந்து பார்த்தாள். “யப்பா, உள்ள மின்சாரச் சாமான் இருக்குப்பா! யாராவது இதுக்குள்ள எலுமிச்சம்பழம் வைப்பாகளா?”

“பூசை போடாத வண்டியை யாராவது எடுப்பாகளாட்டி?”

அக்கா அடுப்படியிலிருந்து, “சாறு மிச்சமிருந்தா ஊறுகாய்க்குக் கொண்டாங்க” என்றாள்.

செண்பகம் பிரித்துத் துடைத்துக் காயவைத்தாள். பழம் இருந்த இடத்தில் என் கடையின் பழைய லாரி டயரிலிருந்து ஒரு துண்டை அறுத்து வைத்தவன் நான். உலகத்திலேயே முதன்முதலாகப் பிரேக்குக்கு அடியில் டயர் ரப்பர் வைத்து ஓடிய விளையாட்டு வண்டி அதுதான். “மாமா, வெளிநாட்டுல எல்லாரும் வைக்காங்க” என்றாள் செண்பகம். விஷயம் எப்படி வெளியே கசிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. காதால் ஓட்ட ஆரம்பித்தீர்கள். “தாழ்ந்த குரல்ல முனகுனா இன்னும் மிதிக்கலாம், கீச்சுன்னா விட்டுரணும்” என்று டயரின் பாஷையை என்னிடம் சொன்னீர்கள். செண்பகம் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, “இந்த விளையாட்டுல யார் காலுக்குமே ஒண்ணும் தெரியாதுப்பா. எல்லாரும் காதை வச்சும் கையை வச்சும்தான் ஓட்டுதாங்க” என்றாள். நீங்கள் “எல்லாருக்குமா?” என்று திருப்பிக் கேட்டீர்கள். “எல்லாருக்கும்தான்.” அந்த வாரமே, இத்தனை நாள் தள்ளிப்போட்ட கால் டாக்டரிடம் போய், பின்வார் வைத்த செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள்.

கார்த்திகையில் பந்தயம் வந்தது. ஞாயிறு மத்தியானம். திரையில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பழைய கார், ஏ.பி.எஸ். கிடையாது. செண்பகம் தன் இடத்தை உங்களுக்குக் கொடுத்தாள். மதுரைப் பையன் ஒருவனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது: “அங்கிள், பிரேக் எங்க இருக்குன்னு தெரியும்ல?”

“சத்தியமாத் தெரியாது தம்பி” என்றீர்கள். “தேடிக்கிட்டேதான் வாரேன்.”

அத்தனை ஊர்ப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நம் மூவருக்கு மட்டும்தான் அது உண்மை என்று தெரியும். செண்பகம் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் கடைசியில் வந்தீர்கள். பிள்ளைகள் அவசரப்பட்டுப் பூட்டிப் பூட்டி மணலில் இறங்க இறங்க, நீங்கள் மினிபஸ் மாதிரி ஒவ்வொருவரையும் தாண்டி வந்தீர்கள். மதுரைப் பையன் உங்களுக்கு முன்னால் நான்கு சக்கரமும் புகைய நேரே போய்த் தடுப்பில் மோதினான். “தம்பி, அடி படலியே?” என்று கேட்டீர்கள். கடைசிச் சுற்று. கடைசி இடப்பக்க வளைவு. நீங்கள் ஐந்தாவது, நேர்முன்னால் இரண்டு பேர். இருவருக்கும் பிந்தி மிதித்து, பூட்டாமல், உள்பக்கமாக நுழைந்து இருவரையும் ஒரே மூச்சில் தாண்டி, மூன்றாவதாக வந்தீர்கள். ஸ்பீக்கர் கிழிய எல்லாப் பிள்ளைகளும், “அங்கிள்! அங்கிள்!” என்று கத்தினார்கள். இதைக் கயத்தாறு டீக்கடையில் நான் சொல்லும்போது லாரி டிரைவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

மறுநாளே நீங்கள் அக்காவிடம் போய், “செண்பகம் லைசென்ஸ் எடுக்கணும்” என்றீர்கள். “சத்தியம்?” என்றாள் அவள். “அது நிறுத்தத் தெரியாதவனுக்கு வாங்குன சத்தியம்ட்டி” என்றீர்கள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் குரல் பழைய குரலாக இருந்தது என்பது மட்டும் புரிந்தது. பயிற்சிப் பள்ளிக்கு அவளே கூடப் போனாள். பங்குனியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் நீங்கள் எழுந்திருக்கவில்லை. அக்கா அதற்குப் பிறகும் அந்த லைசென்ஸுக்குக் குறுக்கே நிற்கவில்லை அத்தான். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது எழுதியதைத் திரும்பப் படித்தால் ஓர் இடம் இடிக்கிறது. டீக்கடையில் சொல்வது சரி, உங்களிடமே சொன்னால் எப்படி? நாற்காலியில் இருந்தவர் நீங்கள் அல்லவா. அந்த மூன்றாம் இடம் என் கைச்சரக்கு. முன்னால் இரண்டு பேர் இருந்தது உண்மை, கடைசி வளைவுக்கு நீங்கள் ஓங்கி மிதித்ததும் உண்மை. மிதித்த அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது. மதுரைப் பையனின் பேச்சு பாதியில் அறுந்தது. ஃபேன் தளர்ந்து நின்றது. செண்பகம் தலையில் கைவைத்தாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

நீங்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கறுத்த திரையைப் பார்த்தபடி, மிதித்த காலைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்தீர்கள். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்து, நேராக்கி, ஓரங்கட்டினீர்கள். படம் இல்லை, சத்தம் இல்லை. அந்த டயரின் முனகல் உங்களுக்கு மட்டும் கேட்டிருக்கும். அப்புறம் காலை எடுத்துத் தரையில் வைத்தீர்கள். குனிந்து பார்க்கவில்லை.

“நிறுத்திட்டேன் மாப்ள. வழுக்கல.”

டீக்கடைக்கு மூன்றாம் இடமே போதும். இது என்னோடு இருக்கட்டும்.